நான்கு சொல் முகவரி

பேப்பர்க் கடையை ஒட்டி மாடிக்குப் போகும் படிக்கட்டில் பதினான்கு படிகள். ஏழாவது படி மட்டும் கொஞ்சம் அகலம். அந்தப் படியில் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு கிடந்தால் அதற்கு மேல் யாரும் ஏற மாட்டார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர்கூடக் கீழேயே நின்று காத்திருப்பார். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பதினைந்து வருடமாக அந்தக் கட்டடத்தில் எல்லோரும் தாங்களாகவே கடைப்பிடிக்கிற மரியாதை.

மாடியில் இரண்டு அறைகள். முன் அறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, நூல் கண்டுகள் அடுக்கிய பிஸ்கட் டப்பாக்கள். உள்ளே இருப்பது சின்ன அறை. அதில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, நாற்காலி ஒன்று, கதவின் உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்கள். கண்ணாடியின் மேல் எப்போதும் ஒரு போர்வை தொங்கும். வருகிறவள் தானாக விலக்கினால்தான் அது விலகும். பஞ்சு அக்கா அதைத் தொட மாட்டாள்.

ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் அரசாங்கக் காகிதங்களில் இருக்கிறது. தைத்த துணியில் பஞ்சை அடைத்து அடைத்து, விரல் இடுக்கில் எந்நேரமும் ஒரு வெள்ளை இழை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. வலது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தவள், முதன்முறையாகக் கடைத்தெருவுக்குப் போன அன்று உள்ளே ஒரு கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு போனாள். குனிந்து பை எடுத்தபோது அது நகர்ந்து கழுத்தோரம் வந்து நின்றது. எத்தனை பேர் பார்த்தார்களோ, அவளுக்கு ஊரே பார்த்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். ஆனால் அழுது முடித்த பிறகு அவளுக்குள் இருந்த தையல்காரிக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருடம் ஊராருக்கெல்லாம் அளவு தப்பாமல் தைத்தவள், தனக்கு ஒன்று தைத்துக்கொள்ள முடியாதா?

முதலில் தைத்தது மிருதுவாக இருந்தது, ஆனால் எடை இல்லாமல் மேலே மேலே ஏறியது. இரண்டாவது கனத்து ஒரு தோளை இழுத்தது. மூன்றாவதில் பஞ்சுக்கு நடுவே சின்னத் துணிப் பொட்டலத்தில் பாசிமணிகளை வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துத் தைத்தாள். அது நின்ற இடத்தில் நின்றது. அடுத்த மாதம் மருத்துவமனையில் நர்ஸம்மா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"எங்கம்மா வாங்கினீங்க?"

"வாங்கலைங்க. தைச்சேன்."

அன்றிலிருந்து நர்ஸம்மா ஒரு துண்டுச் சீட்டில் பஞ்சு அக்காவின் போன் நம்பரை எழுதி, தேவைப்பட்ட பெண்களின் கையில் மடித்து வைத்து அனுப்பினார். அவர்கள் பதினான்கு படி ஏறி வந்தார்கள். தலை குனிந்து வந்தவர்கள், போகும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிப் போனார்கள்.

போன வருடக் கடைசியில் நர்ஸம்மா ஓய்வு பெற்று, மகள் இருக்கும் தொலைதூர ஊருக்குப் போய்விட்டார். அவரோடு சீட்டும் போயிற்று. ஏழு வாரமாக ஏழாவது படியில் செருப்பே இல்லை.

கீழே பேப்பர்க் கடை வைத்திருந்தவர்தான் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் நோட்டுப் புத்தகக் கட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடைபாதையில் அடுக்கி வைத்துத் திட்டு வாங்குபவர். தலையைச் சொறிந்துகொண்டே மேலே வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உள் ரூம் சும்மாதானே கிடக்குது. அதை மட்டும் குடுத்தீங்கன்னா சரக்கு வெச்சுக்குவேன். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, நான் வேற இடம் பார்க்கறேன்."

வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யாருக்காக வேண்டும்?

"இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள யாரும் வரலைன்னா எடுத்துக்கங்க" என்றாள்.

அந்தச் சின்ன அறை போய்விட்டால், ஒரு பெண் இரண்டு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தன்னைத் தானே பார்க்கத் துணிகிற ஒரே இடமும் போய்விடும். அது பஞ்சு அக்காவுக்குத் தெரியும். இருந்தும் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் நாத்தனார் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். பஞ்சு அக்காவின் கணவர் ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில்தான். நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிற ஆபீஸில் இருபது வருட அனுபவம். வாய் கொஞ்சம் நீளம்.

"ரூமைக் குடுக்கறேன்னு சொல்லிட்டியாமே அண்ணி. பேப்பர்க் கடைக்காரர் சொல்றார். நல்ல மனசு. அப்படியே மெஷினையும் தூக்கிக் குடுத்துடு, அவர் மேல பென்சில் அடுக்கிக்குவார்."

"யாரும் வரலையே. நான் என்ன தெருவுல நின்னு கூவவா?"

"கூவ வேண்டாம். ஒளிஞ்சுக்காம இருந்தா போதும்."

பஞ்சு அக்காவுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன் நாத்தனார்தான் அவளுக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்தாள். செய்யும்போதே சண்டை. பஞ்சு அக்கா தைத்துக் கொடுக்கும் பொருளைச் செய்தித்தாளில் சுற்றி, பழுப்பு உறையில் போட்டு, அதையும் ஒரு காய்கறிப் பையில் வைத்துத்தான் தருவாள். இணையதளத்தையும் அப்படியே சுற்றச் சொன்னாள். தலைப்பில் 'சிறப்புத் தையல்' என்றுதான் இருக்க வேண்டும். பக்கத்தின் முகவரியில் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. யாராவது தற்செயலாகப் பார்த்தாலும் என்னவென்று புரியக் கூடாது. கடைசியில் கடைப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, ஒரு சமக்குறி, பதினேழு என்று ஓர் எண். அதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக இன்னும் நீளமாக ஒரு வால்.

"இங்க உட்காரு" என்று நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். "பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல, உன் கையில இப்படி ஒண்ணு இருந்திருந்தா என்னன்னு தேடியிருப்ப? டைப் பண்ணு."

பஞ்சு அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒற்றை விரலால் அடித்தாள். 'மார்பு ஆபரேஷனுக்கு பிறகு உள்ளாடை.' முதல் சொல்லை அடிக்கும்போது விரல் நின்று நின்று போனது. பதினைந்து வருடமாக அவள் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை. 'அந்த இடம்' என்பாள். வந்த பெண்களும் அப்படியே.

நாத்தனார் தேடல் முடிவுகளை நகர்த்திக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி விளம்பரம், மாத்திரை விளம்பரம், எந்த ஊரிலோ இருக்கிற கடை. ஆறு பக்கம் தாண்டியும் பஞ்சு அக்கா இல்லை.

"தேடற இயந்திரத்துக்கு மனசைப் படிக்கத் தெரியாது அண்ணி. எழுதியிருக்கறதைத்தான் படிக்கும். நீ எழுதி வெச்சிருக்கறது சிறப்புத் தையல், பதினேழு. உன்னை எவ கண்டுபிடிப்பா? அதுவும் ஒரே பக்கம், வாலை மாத்தி மாத்தி மூணு முகவரியில நிக்குது. எது நிஜம்னு அதுக்கே குழப்பம்."

"தெரிஞ்சவங்க அனுப்பினா திறந்து பார்ப்பாங்கதானே?"

"எங்க ஆபீஸ்ல கூட்டிப் பெருக்க வர்ற அம்மாவோட தங்கச்சிக்கு உன் பக்கத்தை அனுப்பினேன். கேள்விக்குறியும் நம்பரும் பார்த்துட்டு, ஏமாத்துக்காரன் வலை விரிக்கறான்னு அழிச்சுட்டாளாம். கெட்டிக்காரி. நானா இருந்தாலும் அழிச்சிருப்பேன்."

ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்ற என்று சுற்றிய உறையைக் கண்டு, இன்னொருத்தி பயந்து ஓடியிருக்கிறாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் நாத்தனார் முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைத்துப் பார்த்தாள். திரையில் அழகாக இருந்தது. எடுத்துப் போனில் அனுப்பினால், சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக மூன்று வரிக்கு நீண்டது.

"இது என்ன, சர்க்கரை டப்பாவைக் கவுத்து எறும்பு வந்த மாதிரி இருக்கு" என்றாள் பஞ்சு அக்கா.

"அதான். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்துல போட்டுடலாம். அனுப்பினாலும் மாறாது, போன்ல வாயால சொன்னாலும் எழுதிக்கலாம்."

மார்பு, சின்னக் கோடு, ஆபரேஷனுக்கு, சின்னக் கோடு, பிறகு, சின்னக் கோடு, உள்ளாடை. நான்கே சொல். 'சிறப்புத் தையல்' என்ற தலைப்பும் அதுவாகவே மாறியது. அதைப் படித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கதவைத் திறக்காமலே தெரியும். அளவு கொடுப்பதற்கு ஒரு பக்கம், துவைக்கும் முறைக்கு ஒரு பக்கம், வழி சொல்ல ஒரு பக்கம் என்று மற்றவற்றுக்கும் அதே மாதிரி. பழைய எண் முகவரியை யாராவது சேமித்து வைத்திருந்தால் அவர்கள் வழி தெரியாமல் நிற்கக் கூடாது என்று, அதை அழுத்தினாலும் புதிய பக்கத்துக்கே வந்து சேருமாறு நாத்தனார் செய்தாள்.

"இதனால மட்டும் உன் பக்கம் நாளைக்கே தேடல்ல முதல்ல வந்து உட்கார்ந்துடும்னு நினைக்காதே. முகவரி சின்ன விஷயம்தான். தலைப்பும் உள்ள எழுதினதும்தான் பெரிசு. ஆனா மூணும் ஒரே பேச்சு பேசணும். அப்புறம் வர்றவங்க வரட்டும்."

பத்து நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பேப்பர்க் கடைக்காரர் இரும்பு அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தார். மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மதியம் போன் அடித்தது. குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். அதற்கு நடுவே ரகசியக் குரல்.

"அக்கா, நீங்கதானா அது? தேடினேன். நான் டைப் பண்ணின மாதிரியே எழுதியிருந்துச்சு. நிஜமா இருக்கீங்களா?"

"நிஜமா இருக்கேன்மா. எப்ப வர்றே?"

"வியாழக்கிழமை பதினோரு மணி. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். ரெண்டு வருஷமா துணியைச் சுருட்டி வெச்சுக்கறேன் அக்கா. முன்னாடி தியேட்டர்ல டிக்கெட் குடுத்துட்டு இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாரும் பார்ப்பாங்களேன்னு அந்த வேலையையும் விட்டுட்டேன்."

வியாழக்கிழமை பஞ்சு அக்கா விடிந்ததும் சின்ன அறையைப் பெருக்கினாள். போர்வையைத் துவைத்துப் போட்டாள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. படிக்கட்டில் சத்தமே இல்லை. ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க." அதே குரல், அழுது கரகரத்துப் போயிருந்தது. "எங்க வீட்ல ஒரே போன்தான், இப்ப என் தங்கச்சி போன்லேர்ந்து பேசறேன். அவர் எதையோ தேடப் போயிருக்கார், நான் பார்த்த முகவரி மேல வந்து நின்னுடுச்சு. திறக்கக்கூட வேணாம், அதுலேயே எல்லாம் எழுதியிருக்கே. ராத்திரியிலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை. அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பஞ்சு அக்கா பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது.

அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். இதற்குத்தானே பயந்தாள்? எத்தனை உறையில் சுற்றினாள், எத்தனை தாழ்ப்பாள் வைத்தாள். கடைசியில் தன் கையாலேயே ஒருத்தியின் ரகசியத்தை அவள் புருஷன் கண்ணுக்கு நேராகப் பிரித்து வைத்துவிட்டாளே.

சாயங்காலம் நாத்தனார் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். "பழையபடி நம்பரா மாத்திடு."

"அண்ணி, இந்த வாரம் மட்டும் பதினோரு பேர் தேடி வந்து படிச்சிருக்காங்க. முழுசா, கடைசி வரி வரைக்கும்."

"என்னால ஒருத்தி குடும்பம் உடையணுமா? எனக்கு அந்தப் பதினோரு பேரும் வேண்டாம், ரூமும் வேண்டாம்."

நாத்தனார் எதிர்த்துப் பேசவில்லை. அண்ணியின் முகம் அப்படி இருந்தது. "சரி. நாளைக்கு மத்தியானம் ஆபீஸ்ல இருந்து மாத்தறேன்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கனமான காலடி. ஆண் காலடி. ஏழாவது படியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல ஏறி வந்தது. பஞ்சு அக்காவின் கை தானாகக் கத்தரிக்கோலைத் தொட்டது.

வாசலில் நின்றவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் சட்டை, விரல் நகங்களில் கறுப்பு எண்ணெய். கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தது.

"நேத்து பதினோரு மணிக்கு வர்றேன்னு சொன்னவங்களோட வீட்டுக்காரருங்க. என் கொழுந்தியா சொல்லித்தான் தெரியும்."

"உட்காருங்க" என்றாள் பஞ்சு அக்கா. "தப்பு என் மேலதான். அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அவர் உட்காரவில்லை.

"அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு நான் பக்கத்துல இல்லைங்க. ஒரு லிஃப்ட்ல நாலு பேர் மாட்டிக்கிட்டாங்க. அவங்களை எடுத்துட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. அதுலேர்ந்து அவ குளியலறையிலதான் துணி மாத்தறா, கதவைச் சாத்திக்கிட்டு. வேலையை விட்டா. என்கூட வெளியில வர்றதில்லை. அன்னிக்கு வராத கோபம் இன்னும் போகலைன்னு நினைச்சேன். கேட்க பயம். ரெண்டு வருஷம் இப்படியே ஓடிடுச்சு."

பஞ்சு அக்கா கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள்.

"முந்தாநாள் போன்ல அந்த முகவரியைப் பார்த்தேன். நாலே சொல்லுங்க. பக்கத்தைத் திறக்கலை. அவ தனியா படிக்கறதை நான் எதுக்குப் படிக்கணும்? ஆனா அந்த நாலு சொல்லைப் பார்த்ததும்தான் புரிஞ்சுது. கோபம் இல்லை, கூச்சம்னு. ராத்திரி முழுக்க எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சேன். வாயே வரலை. நான் கோவிச்சுக்கிட்டேன்னு நினைச்சு அவ அழறா. உங்க கடை எங்கேன்னு மட்டும் காலையில திறந்து பார்த்துட்டு வந்துட்டேன். நீங்களே அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்களேன்."

பஞ்சு அக்காவுக்குத் தன் கணவர் நினைவுக்கு வந்தார். அவரும் நல்லவர்தான். ஒன்பது வருடம் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டத்தில் வெற்றிலைபோல் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டு, கேட்காமலே ஒரு நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நான் கூப்பிட மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

"எனக்கு அந்த வார்த்தையெல்லாம் வராதுங்க."

"வர வேண்டாம். அதான் ஏற்கெனவே எழுதி இருக்கே. அந்த முகவரியையே அனுப்புங்க. கீழே எப்ப நிப்பீங்கன்னு மட்டும் எழுதுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பிறகு அசட்டுத்தனமாக நின்றார். "எங்க வீட்ல ஒரே போன். அது இதுதான்."

பஞ்சு அக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்து வீட்ல யாராவது?"

"அந்தக் கொழுந்தியா எதிர்வீட்லதான் இருக்கா. அவ தங்கச்சிதான். காட்டச் சொல்றேன்."

அவர் எண்ணெய் விரலால் முகவரியை எடுத்து அனுப்பினார். அதன் கீழே ஒரே வரி எழுதினார். எழுதியதைப் பஞ்சு அக்காவிடம் காட்டினார், தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. 'உன் அக்காகிட்ட இதைக் காட்டு. பதினோரு மணிக்குக் கீழே நிக்கிறேன், மேலே வர மாட்டேன்.'

அந்த முகவரி கேள்விக்குறியும் பதினேழுமாக இருந்திருந்தால் அவர் என்ன அனுப்பியிருப்பார்? வாங்கியவளுக்குத்தான் என்ன புரிந்திருக்கும்?

பதினோரு மணி தாண்டி இருபது நிமிடம் ஆனபோது, ஏழாவது படியில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பழைய சால்வையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்றாள். அழுத கண். ஆனால் உதட்டோரத்தில் நம்ப முடியாத ஒரு சிரிப்பின் தொடக்கம்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டு வந்தியான்னு கேக்கறார் அக்கா. ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு, முதல் வார்த்தை குடை."

"ஆம்பளைங்களுக்கு அவ்வளவுதான் வரும். உள்ள வாம்மா."

இரண்டு தாழ்ப்பாளும் விழுந்தன. அளவு எடுத்தாயிற்று. தைத்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, தராசில் வைத்து, இரண்டு சிட்டிகைப் பாசிமணி குறைத்து, தைத்துக் கொடுத்தாள். முன் அறைக்கு வந்து காத்திருந்தாள். உள்ளே நெடுநேரம் சத்தம் இல்லை. பிறகு போர்வை தரையில் விழுகிற ஓசை கேட்டது. பஞ்சு அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினைந்து வருடமாகக் கேட்கிற ஓசைதான். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கண் கலங்கும்.

அப்போது நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, முகவரியை மாத்த உட்கார்ந்துட்டேன். பழைய நம்பரே போட்டுடவா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அந்தப் பொண்ணை அவ வீட்டுக்காரரே வரவழைச்சுட்டார்."

"யாரோ ரூமே வேண்டாம்னு சொன்னாங்க."

"வாயை மூடு. இன்னொண்ணு செய். எல்லா வீட்லயும் இந்த மாதிரி மனுஷன் இருக்க மாட்டான். போன்ல பார்த்தது யாருக்கும் தெரியாம எப்படி அழிக்கறதுன்னு பக்கத்தோட தலையிலேயே எழுதி வை. வேணும்கறவ அழிச்சுக்கட்டும். ஆனா தேடறவளுக்கு நான் கிடைக்கணும்."

"முதல் வரியா போடறேன் அண்ணி" என்றாள் நாத்தனார். அவள் குரலில் கேலி இல்லை.

பேப்பர்க் கடைக்காரர் அலமாரிக்கு அளவெடுக்க இரும்பு டேப்புடன் படியேறினார். ஏழாவது படியில் நின்றார். அங்கே ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு. கீழே, படிக்கட்டு வாசலில், லிஃப்ட் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் கையில் மடக்கிய குடையோடு மேலே பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்.

பேப்பர்க் கடைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் இறங்கினார். குடைக்காரரிடம் ஒரு நாற்காலியைத் தள்ளினார்.

"உட்காருங்க. நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, நோட்டுக் கட்டுகளைக் கடைக்குள்ளேயே உத்தரம் வரைக்கும் அடுக்க ஆரம்பித்தார்.